பாட்டன் பெயர் தெரியுமா?

(பாறசாலையில் நடைபெற்ற நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் பகுதிச் செயலாளர் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு கெடாமல் எழுத்தாக்கித் தரப்படுகிறது.)



வழக்கமாக இந்த மேடையில் கூலி உயர்வைப் பற்றிப் பேசுவோம், ரேஷன் கார்டைப் பற்றிப் பேசுவோம், தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் போடாததைப் பற்றிப் பேசுவோம். இன்று நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். உங்கள் பாட்டனின் அப்பா பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று தெரியுமா? பாட்டனின் அம்மா பெயர்?

கை தூக்கச் சொல்லவில்லை. எனக்கும் நாற்பது வயது வரை தெரியாது.

'சோற்றுக்கே பாடாய்ப் படுகிறோம், பாட்டன் பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது?' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு நம் சங்கக் குடும்பத்துப் பெண் ஒருத்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். பிள்ளை நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மேற்படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஓர் அலுவலகத்தில் அவளிடம் கேட்ட கேள்வி இதுதான்: '1950-க்கு முன்னால் உன் குடும்பம் இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம்?'

தோழர்களே, இந்த 1950 எங்கிருந்து வந்தது? பட்டியல் சாதிகளைக் குறிப்பிடும் குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்தது. அன்றைய தினம் ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ, அந்த மாநிலத்தில்தான் அந்தச் சலுகை. பிறகு பிழைப்புத் தேடி வேறு மாநிலம் போனால், போன இடத்தில் கிடையாது. 1990-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. ஆகவே பாட்டன் 1949-இல் வந்தாரா, 1951-இல் வந்தாரா என்பதில் பேத்தியின் படிப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் தேவிகுளம், பீர்மேடு பக்கம் உள்ள நம் மக்கள் எத்தனை வருடங்களாக இதே கேள்விக்குப் பதில் தேடி அலைகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. என்ன செய்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்களை ரொம்ப தூரம் அழைத்துப் போக வேண்டும்.

ரயில் பிறந்த ஊர்

நான் ரயில்வே குமாஸ்தா. பத்தாம் வகுப்புத்தான் படிப்பு. என் அப்பா கேங்மேனாக இருந்து வேலையிலேயே இறந்துபோனார். அவர் இறப்பில் எனக்கு வேலை கிடைத்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு 1979-இல் ரயில் வந்தபோது நம் பாறசாலைக்கும் ஸ்டேஷன் வந்தது. அந்தத் தண்டவாளத்தில் சுத்தியல் பிடித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அதனால் உலகத்தில் முதல் ரயில் எங்கே ஓடியது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு நாடு. மலைநாடு. அங்கே மெர்த்தர் டிட்வில் என்று ஓர் ஊர். 1804 பிப்ரவரி 21 அன்று, ரிச்சர்ட் டிரெவிதிக் என்ற பொறியாளர் செய்த நீராவி எஞ்சின், அந்த ஊரின் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து பத்து டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஒன்பது மைலுக்கு மேல் போனது. நான்கு மணி நேரம் ஆனது. எஞ்சின் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன என்பதும் உண்மை. ஆனாலும் நீராவி எஞ்சின் தண்டவாளத்தில் பாரம் இழுத்த முதல் பயணம் அதுதான்.

எஞ்சினைச் செய்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பத்து டன் இரும்பை உருக்கியவர்கள் யார்?

அவர்கள் நம்மைப் போன்றவர்கள், தோழர்களே! 1759-இல் டவ்லைஸ், 1765-இல் கவார்த்வா, இன்னும் பிளிமத், பெனிடாரன் என்று நான்கு பெரிய இரும்பாலைகள் அந்த ஒரு பள்ளத்தாக்கில் எழும்பின. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நிலமற்றவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1801-இல் ஏழாயிரத்து எழுநூறு பேர் இருந்த ஊரில், ஐம்பதே வருடங்களில் நாற்பத்தாறாயிரத்துக்கு மேல் ஆயிற்று. டவ்லைஸ் ஆலையில் மட்டும் ஏழாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த காலம் உண்டு. அங்கே உருட்டிய தண்டவாளங்கள் கடல் கடந்து பல நாடுகளுக்குப் போயின. உருட்டியவர்கள் சாக்கடை ஓடும் சந்துகளில் கிடந்தார்கள். 1849-இல் வந்த காலராவில் அந்த ஊரில் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள்.

இன்று அந்தத் தொழிலாளர்களின் பேரன் பேத்திகள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். 'எங்கள் பூட்டன் மெர்த்தரில் உலைக்காரன்' என்று தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். எப்படி முடிகிறது? 1837 ஜூலை முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசே அங்கே பதிய ஆரம்பித்துவிட்டது. 1841 மக்கள்தொகைக் கணக்கில் வீடு வீடாக ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. 1851 கணக்கில் இன்னார் இன்ன ஊரில் பிறந்தார் என்பதும் உண்டு. அந்த ஏடுகளை எரிக்காமல் வைத்திருந்து, நூறு வருடம் கழிந்ததும் மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் வருடக் கணக்கை 2022-இல் திறந்தார்கள்.

நம் ஊரில்? திருவிதாங்கூரிலும் 1875 முதல் முறையாகக் கணக்கெடுத்தார்கள். எத்தனை தலை, எத்தனை வீடு என்ற கூட்டுத்தொகை புத்தகத்தில் இருக்கிறது. பெயர் எழுதிய தாள்களை வைத்திருக்கவில்லை. நாம் கணக்கில் இருந்தோம், பெயரில் இல்லை.

அவர்களுக்கும் இன்ஷியல் சங்கடம் உண்டு

ஆனாலும் வேல்ஸ்காரர்களுக்கும் இந்தத் தேடல் சுலபமில்லை. அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே அப்பா பெயரைத்தான் சேர்த்து எழுதினார்கள். 'ரீஸின் மகன்' என்றால் 'ஆப் ரீஸ்'. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிறகு ஆங்கிலேயர் முறைப்படி அது குடும்பப் பெயராக உறைந்துபோய், 'ஆப் ரீஸ்' என்பது 'பிரைஸ்' ஆயிற்று, 'ஆப் ஹவல்' என்பது 'பவல்' ஆயிற்று. ஜோன்ஸ், டேவிஸ் என்று தடுக்கி விழுந்தால் ஒரே பெயர். அதனால் தொழிலை வைத்தும் வீட்டை வைத்தும் பட்டப்பெயர் வைத்து அடையாளம் சொன்னார்கள்.

நம் கதையைப் பாருங்கள். நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை இன்ஷியலாகப் போடுகிறோம். கேரளத்தில் பலரும் வீட்டுப் பெயரைப் போடுகிறார்கள். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆபீஸில் நம் ஆள் ஒருவர் போய் நின்றால், அண்ணன் தம்பிக்கு ஓர் இன்ஷியல், அப்பாவுக்கு வேறு இன்ஷியல், பாட்டனுக்கு மூன்றாவது இன்ஷியல். 'இவர்கள் ஒரே குடும்பம் என்பதற்கு என்ன சாட்சி?' என்று கேட்கிறார்கள். அதோடு மலையாளத்தில் எழுதும்போது முத்தையன் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் அடுத்த தாளில் வேறு மாதிரியும் ஆகிவிடுகிறார். ஒரு புள்ளி, ஒரு கால் மாறினால் ஆளே வேறு என்கிறார்கள்.

மொழியின் சங்கடமும் அங்கே இருந்தது. 1846-இல் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளைப் பார்வையிட லண்டனிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். வெல்ஷ் மொழி அவர்களுக்குத் தெரியாது. அந்த மக்களின் மொழியே அவர்களுடைய முன்னேற்றத்துக்குத் தடை, ஒழுக்கத்துக்குக் கேடு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். இன்றும் அங்கே அந்த அறிக்கையைத் துரோகம் என்றே சொல்கிறார்கள்.

காகிதம் யார் கையில்?

1831 ஜூனில் மெர்த்தரில் ஒரு பெரிய எழுச்சி நடந்தது. கூலியைக் குறைத்தார்கள். கடனுக்குக் கட்டிலையும் பானையையும் தூக்கிக்கொண்டு போக ஒரு கடன் கோர்ட் இருந்தது. பொறுக்க முடியாத மக்கள் அந்தக் கோர்ட்டின் கணக்குப் புத்தகங்களை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். செங்கொடி பிடித்தார்கள். பட்டாளம் சுட்டது, பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். ஒரு சிப்பாயைக் குத்தியதாக ரிச்சர்ட் லூயிஸ் என்ற இளைஞனைப் பிடித்து, ஆகஸ்ட் 13 அன்று கார்டிஃப் நகரில் தூக்கில் போட்டார்கள். ஊர் மக்கள் அவனை டிக் பெண்டரின் என்ற பெயரில் இன்றும் நினைக்கிறார்கள்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். ஏழையின் பெயரை எழுதி வைத்த முதல் காகிதம் பெரும்பாலும் கடன் காகிதம்தான். அதனால்தான் அவர்கள் கொளுத்தினார்கள். நம் முன்னோர்கள் இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் பட்டதும் இதே கதை. 'துண்டு' என்று ஒரு சீட்டு. கங்காணியிடம் வாங்கிய முன்பணம், அரிசிக்கடன், வழிச்செலவு எல்லாம் சேர்த்து இவ்வளவு கடன் கட்டினால் இந்த ஆளை விடலாம் என்று தோட்டம் எழுதித் தருவது. அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் இன்னொரு தோட்டத்துக்குத்தான் போக முடியும். 1921-இல்தான் அதை ஒழித்தார்கள்.

காகிதம் அவர்கள் கையில் இருந்தபோது விலங்கு. ஆனால் காகிதமே இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதையும் அதே இலங்கை காட்டியது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபி என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பிறப்புச் சான்று? பத்து லட்சம் பேர் அளவுக்கு நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபரில் சிரிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காகத்தான் புனலூரில் 1976-இல் மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனி தொடங்கப்பட்டது. அங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினை தீர 2003-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. பாட்டன் பெயர் தெரியுமா என்ற கேள்வி ஐம்பத்தைந்து வருடம் ஒரு சமூகத்தையே தெருவில் நிறுத்தியது.

என் வீட்டுத் தேடல்

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் பாட்டா ஒரே ஒரு விஷயம்தான் சொல்லுவார்: 'நான் கொழும்பிலே பிறந்தவன், தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்திலே.' அப்போதெல்லாம் இலங்கை முழுவதுமே நம் ஊருக்குக் கொழும்புதான். பாட்டா வயது ஏறிக் கதை சொல்கிறார் என்று நாங்கள் சிரிப்போம். இலங்கையில் பிறந்தவருக்குத் திருவிதாங்கூர் வெள்ளம் எப்படித் தெரியும்?

அப்பா இறந்த பிறகு, சில காகிதங்களில் பாட்டாவின் வயது கேட்டார்கள். அப்போதுதான் எங்கள் ஊர்ச் சபையின் பழைய ஏடுகளைப் பார்க்கப் போனேன். நம் தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் வேலை 1806-இல் மயிலாடியில் தொடங்கியது. பிறகு நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று பரவியது. ஜான் ஆப்ஸ், சாமுவேல் மற்றீர் முதலிய மிஷனரிகள் நம் பாறசாலையிலேயே இருந்து வேலை செய்தார்கள். அந்த மிஷனின் கடிதங்கள் இன்றும் லண்டனில் பத்திரமாக உள்ளன. மதம் எதுவானாலும் ஏழையின் பெயரை, கடனுக்கும் தண்டனைக்கும் அல்லாமல், கல்யாணத்துக்கும் பிறப்புக்கும் எழுதிய முதல் புத்தகங்களில் சபை ஏடுகளும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உபதேசியார் நல்ல மனிதர். அலமாரியைத் திறந்துவிட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை தூசியில் உட்கார்ந்தேன். கல்யாண ஏட்டில் பாட்டாவின் அப்பா அம்மா திருமணம் கிடைத்தது. மாப்பிள்ளை பெயர், அவர் அப்பா பெயர், வீட்டுப் பெயர், தொழில் 'கூலி'. கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல். மெர்த்தர் ஊர்த் திருமண ஏடுகளிலும் இப்படியே பெருக்கல் குறிகள் நிறைந்து கிடக்குமாம். பெண்ணின் பெயர் இருந்த இடத்தைக் கறையான் தின்றிருந்தது.

மனம் ஒப்பவில்லை. உபதேசியார்தான் சொன்னார்: 'பிடியரிசிக் கணக்கு இருக்கிறது, பார்க்கிறீர்களா?' உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துச் சபைக்குத் தருவார்களே, அந்தக் கணக்கு. தாய்மார்களே, அரிசி கொடுத்தது பெண்கள். ஆகவே அந்த ஏட்டில் பெண்கள் பெயர் இருந்தது! எங்கள் வீட்டுப் பெயருக்கு நேரே, மாதா மாதம், ஒரு பெண்ணின் பெயர். கொல்லம் 1098 வரை இருக்கிறது. பிறகு இல்லை. 1107-இல் மறுபடி வருகிறது. ஒன்பது வருடம் இடைவெளி. அதுதான் இலங்கைக் காலம்.

அந்தப் பெயரைப் படித்ததும் நான் ஏட்டை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். என் அக்காள் பிறந்தபோது, அப்பாவும் அம்மாவும் நினைத்திருந்த பெயரை வேண்டாம் என்று சொல்லி, பாட்டா பிடிவாதமாக ஒரு பெயர் வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதே பெயர். அவர் அம்மா பெயர்.

வெள்ளக் கதையும் பொய்யல்ல. 1924 ஜூலை வெள்ளம் கொல்லம் 1099 ஆடி மாதம் வந்தது. நாட்டிலிருந்து வந்த சேதியில் அந்த வெள்ளம் லயம் முழுவதும் பேச்சாகியிருக்கும். மகன் பிறந்த வருடத்தை அந்தத் தாய் அப்படித்தான் நினைவில் வைத்து மகனுக்குச் சொல்லியிருக்கிறாள்.

எப்படித் தேடுவது?

இனி உங்களுக்கு உபயோகமான விஷயம். நோட்டு கொண்டு வந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். ஆபீஸ் எங்கும் ஓடாது. பாட்டி இருக்க மாட்டார். 'எந்த வருடம்?' என்று கேட்காதீர்கள். 'எது நடந்தபோது?' என்று கேளுங்கள். வெள்ளத்துக்கு முன்னா பின்னா? 1936 நவம்பரில் கோயில் திறந்துவிட்டார்களே, அப்போது பிறந்தாயிற்றா? 1938 ஆகஸ்டில் நெய்யாற்றின்கரையில் சுட்டார்களே, அப்போது எத்தனை வயது? 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் தமிழர் போராட்டத்தில் சுட்டார்களே, அப்போது கல்யாணம் ஆகியிருந்ததா? இப்படிக் கேட்டால் வருடம் தானாக வரும்.

இரண்டாவது, பழைய ஏடுகளில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணியில் புது வருடம். தை முதல் ஆடி வரை என்றால் 825 கூட்டுங்கள். ஆவணி முதல் கார்த்திகை வரை என்றால் 824 கூட்டுங்கள். மார்கழி இரண்டு இங்கிலீஷ் வருடத்திலும் விழும். கோயில் திறந்தது கொல்லம் 1112 ஐப்பசி. 824 கூட்டினால் 1936. இது தெரியாமல் ஒரு வருடம் தப்பாக எழுதி மனுத் தள்ளுபடியானவர்கள் உண்டு.

மூன்றாவது, வீட்டுப் பெயர். இன்று நாம் அதை எழுதுவதில்லை. ஆனால் 'விளை' என்றும் 'வீடு' என்றும் முடியும் பழைய பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். ஆள் பெயர் மாறும். விளைப் பெயர் மாறுவது குறைவு. ஏட்டில் ஆளைப் பிடிக்கும் கைப்பிடி அதுதான்.

நான்காவது, பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரிஜிஸ்டர். பாட்டன் படிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பாட்டனின் தம்பி ஒரு வருடம் போயிருப்பார். ஒரே அப்பா, ஒரே வீடு.

ஐந்தாவது, நிலக் காகிதம். நிலமற்றவனுக்கு ஏது என்பீர்கள். 1970-இல் குடிகிடப்பு உரிமை வந்தபோது பலருக்கு மனைப் பட்டயம் கிடைத்தது. அந்த மனுவோடு எத்தனை காலமாகக் குடியிருக்கிறோம் என்பதைக் காட்டும் காகிதமும் சேர்ந்திருக்கலாம். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் பழைய ஆதாரங்களில் எல்லை சொல்லும்போது 'இன்னார் குடியிருப்புக்குக் கிழக்கு' என்று நம் பாட்டன் பெயர் வருவதும் உண்டு. திருவனந்தபுரத்தில் அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பொதுமக்களும் மனுக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆறாவது, இலங்கை போய் வந்த குடும்பங்கள் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்துச் சீட்டு எதையும் அடுப்பில் போடாதீர்கள். பெட்டியின் அடியில் கிடப்பதைக் கொண்டு வாருங்கள். சங்கத்தில் நகல் எடுத்து வைப்போம்.

ஏழாவது, தமிழில் மனு எழுதப் பயப்படாதீர்கள். 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மை மக்கள் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. கேட்டு வாங்குவதற்குச் சங்கம் இருக்கிறது.

கோடு போட்டது யார்?

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. 1950-இல் நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. களியக்காவிளைச் சந்தைக்கு வந்தவன் இந்தப் பக்கம் பாறசாலையிலோ இஞ்சிவிளையிலோ பெண் எடுத்தான். யாரும் அவனைக் குடியேறியவன் என்று சொல்லவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை இங்கே நின்றது. அதற்கு முன் பாலராமபுரத்தைப் பாருங்கள். பாலராமவர்மா மகாராஜா காலத்தில், 1810-க்கு முன்பே, வள்ளியூர்ப் பக்கமிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து தெருப் போட்டுக் குடியேற்றினார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாக அந்தத் தறிகள் நெய்த துணியைத்தான் திருவனந்தபுரம் பெருமையோடு உடுத்துகிறது. அழைத்தபோது நெசவாளி, ஆதாரம் கேட்கும்போது மட்டும் வெளியூர்க்காரனா?

இன்னொன்றும் சொல்கிறேன். பாட்டனைத் தேடுகிறேன் என்று கிளம்பி, 'நாங்கள் ராஜ வம்சம், செப்பேடு இருக்கிறது' என்று முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து விளம்பரம் வந்தது 1855-இல். மாராப்பு மறைக்கும் உரிமைக்கு நம் பாட்டிகள் அடிபட்டு, 1859-இல்தான் ஓரளவு அனுமதி பெற்றார்கள். தேடிப் போனால் சில வீடுகளில் அடிமை பாட்டன் வருவார், சில வீடுகளில் அவரை அடித்தவர் வருவார். இரண்டையும் மறைக்காமல் எழுத வேண்டும். கூலி என்று எழுதியிருந்தால் கூலி என்றே எழுதுங்கள். என் பூட்டனின் தொழில் பத்தியில் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. அதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

சொல்கிறேன் என்றேன் அல்லவா? அந்தப் பிள்ளையின் பாட்டனுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் அவருடைய அக்காள் உயிரோடு இருந்தார். தொண்ணூறு வயதுக்கு மேல். கண் தெரியாது. 'மக்களே, என் இளையவன் ஒருத்தன் இருந்தான். மூணாம் கிளாஸ் வரைக்கும் போனான். காய்ச்சல் வந்து செத்துப்போனான்' என்றார். அந்தச் செத்துப்போன பையனை அந்தக் குடும்பத்தில் யாருமே கேள்விப்பட்டதில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பழைய ரிஜிஸ்டர் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை போனோம். மூன்றாம் முறை தலைமையாசிரியை அம்மாவே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு ஸ்டோர் ரூமில் இறங்கினார். கொல்லம் 1119-ஆம் வருட ஏடு கிடைத்தது. பையன் பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெயர், சாதி, கிராமம் எல்லாம் இருந்தது. 1943, 44 காலம். 1950-க்கு ஆறு வருடம் முன்பு. அதோடு குடிகிடப்புப் பட்டயத்தையும் பாட்டியின் சத்தியவாக்குமூலத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். நான்கு மாதம் நடந்தோம். சான்றிதழ் வந்தது. பிள்ளை இப்போது நர்சிங் படிக்கிறாள்.

எட்டு ஒன்பது வயதில் செத்த ஒரு சிறுவன், எண்பது வருடம் கழித்துத் தன் அண்ணன் பேத்தியைக் கரையேற்றினான், தோழர்களே. அவன் பெயரை ஒரு வாத்தியார் ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் அது நடந்தது.

ஆகவே நான் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, நம் சங்கத்தின் உறுப்பினர் ஏட்டில் இனிமேல் வெறும் பெயரும் சந்தாவும் மட்டும் போதாது. பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், பாட்டன் பாட்டி பெயர், வீட்டுப் பெயர், எந்த வருடம் இங்கே வந்தோம் என்பது எல்லாம் எழுதப்பட வேண்டும். அம்மா பெயரை விட்டுவிட்டு யாரும் தாளைத் திருப்பித் தரக் கூடாது.

இரண்டாவது. தினமும் காலையில் நான் ஸ்டேஷனில் பார்க்கிறேன். வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பிள்ளைகள் மூட்டையோடு இறங்குகிறார்கள். 'அதிதித் தொழிலாளி' என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பலருடைய பெயர் கங்காணி செல்போனில் மட்டும்தான் இருக்கிறது. என் பூட்டன் தூத்துக்குடியில் கப்பல் ஏறியபோது அவரும் இப்படித்தான் மூட்டையோடு நின்றிருப்பார். அந்தப் பிள்ளைகளின் பெயரும் ஊரும் நம் சங்க ஏட்டில் ஏற வேண்டும். நாளைக்கு அவர்கள் பேத்தி வந்து கேட்டால் எடுத்துக் காட்ட ஓர் ஏடு இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டு வாருங்கள். இன்று ராத்திரியே பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.